பிள்ளை வளர்கிறது, பணம் எங்கே?

உன் பிள்ளைக்கு என்ன வயது?

மூன்றா? ஐந்தா? எட்டா?

அந்தப் பிள்ளையின் பெயரில் எவ்வளவு பணம் இருக்கிறது?

ஏன் பேச்சு வரவில்லை? பதில் சொல்!

"இப்போதுதானே யுகேஜி போகிறாள், இன்னும் காலம் கிடக்கிறது" என்கிறாய். கிடக்கிறதா? போன தீபாவளிக்கு எடுத்த பாவாடை இந்தப் பொங்கலுக்குக் கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டதே, நீ பார்க்கவில்லையா?

"கையில் காசு நிற்பதில்லை" என்கிறாய்.

அப்படியா? வா, கல்லாற்றுக்குப் போவோம்.

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்கு ஏறும் சாலையில் இருக்கிறது கல்லாறு. 22 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும் முன் வண்டிகள் மூச்சு வாங்கும் இடம். உருண்டைக் கற்களுக்கு நடுவே சலசலக்கும் ஆறு. ஞாயிற்றுக்கிழமை போனால் நாகர்கோவிலும் திருநெல்வேலியும் அங்கேதான் இருக்கும்.

வண்டிக்கு டீசல். ஆளுக்கொரு ஐஸ்கிரீம். பிள்ளை அழுததென்று ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி. நெடுமங்காடு தாண்டுவதற்குள் அது இரண்டு துண்டு. மதியம் கப்பையும் மீன்கறியும். திரும்பும் வழியில் நேந்திரங்காய் சிப்ஸ் ஒரு கிலோ.

போகாதே என்றா சொல்கிறேன்? போ! பிள்ளை ஆற்றில் காலை நனைக்கட்டும். சிரிக்கட்டும். அது இல்லாத பிள்ளைப் பருவம் எதற்கு?

ஆனால் அன்று செலவான பணத்தை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கூட்டிப் பார்.

பெண் குழந்தையின் பெயரில் அஞ்சலகத்தில் செல்வமகள் சேமிப்புக் கணக்கை உயிரோடு வைத்திருக்க எவ்வளவு வேண்டும் தெரியுமா? 250 ரூபாய்.

மாதத்துக்கு அல்ல. ஓர் ஆண்டுக்கு!

வாரத்துக்கு ஐந்து ரூபாய்கூட இல்லை. இப்போது சொல். இல்லாதது காசா, மனசா?

கல்லாற்றில் இறங்குகிறவர்களை ஊர்க்காரர்கள் எச்சரிப்பார்கள். ஏன் தெரியுமா? மேலே மலையில் மழை கொட்டும். கீழே வெயில் அடிக்கும். குளித்துக்கொண்டிருப்பவன் நிமிர்ந்து பார்ப்பதற்குள் வெள்ளம் வந்து நிற்கும். அந்த ஆறு உயிர்களைக் கொண்டு போயிருக்கிறது.

பிள்ளையின் படிப்புச் செலவும் அப்படித்தான் வரும். இன்று உன் தலைக்கு மேலே வெயில். மலையில் மழை தொடங்கி வெகுநேரம் ஆகிவிட்டது!

பிளஸ் டூ முடிவு வரும். கலந்தாய்வுக்கு அழைப்பு வரும். "இத்தனை நாளுக்குள் கட்டணம் கட்டு" என்று ஒரு தாள் வரும். அன்று எங்கே ஓடுவாய்? அடகுக் கடைக்கா? மச்சான் வீட்டுக்கா? கந்துவட்டிக்காரனிடமா?

படிக்க முடிந்த பிள்ளை, பணம் இல்லாததால் படிக்காமல் நின்றால், அந்தக் குற்றத்தை விதியின் தலையில் கட்டாதே!

"எங்களைப் போன்றவர்களுக்கு இதெல்லாம் எட்டுமா?" என்று முனகுகிறாயா?

அதே மலைக்காட்டு மக்களைப் பார்.

கல்லாறு, விதுரா, பெரிங்ஙம்மலை, கோட்டூர் பக்கத்துக் காடுகளில் காணி என்ற பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். மலைக்கு இந்தப் புறம் பாபநாசத்திலும் பேச்சிப்பாறையிலும் இருப்பவர்கள் அவர்களுடைய உறவுக்காரர்கள்தான்.

1987-ஆம் ஆண்டின் கடைசி. அகத்தியமலைக் காட்டில் ஆய்வுக்குப் போன விஞ்ஞானிகள் நடந்து நடந்து துவண்டு போனார்கள். வழிகாட்டிகளாக வந்த காணி இளைஞர்களோ துவளவே இல்லை. ஏதோ ஒரு சிறு பழத்தைக் கொறித்தபடி நடந்துகொண்டே இருந்தார்கள்.

அது என்ன பழம்? முதலில் சொல்ல மறுத்தார்கள். பிறகு நம்பிச் சொன்னார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை.

பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிலையம் அந்தச் செடியிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. 1995-இல் கோவை ஆரிய வைத்திய பார்மசிக்கு 10 லட்சம் ரூபாய் உரிமக் கட்டணத்துக்கு அதைத் தயாரிக்கும் உரிமை தரப்பட்டது. விற்பனையில் 2 சதவீதம் உரிமைத்தொகை. இரண்டிலும் பாதி காணி மக்களுக்கு என்று நிலையத்தின் இயக்குநர் புஷ்பாங்கதனும் அவருடைய குழுவும் முடிவு செய்தார்கள்.

1997-இல் காணி மக்கள் தங்களுக்கென ஓர் அறக்கட்டளையைப் பதிவு செய்தார்கள். 1999-இல் பணம் வந்தது. 5 லட்சத்து 19 ஆயிரம் ரூபாய்!

நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்?

பங்கு போட்டிருப்பாய். ஆயிரக்கணக்கான மக்களுக்குப் பிரித்தால் தலைக்குச் சில பத்து ரூபாய். ஒரு நாள் பீடி, வெற்றிலை, டீ. அடுத்த நாள் ஒன்றுமில்லை!

அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா?

வைப்பு நிதியில் போட்டார்கள். முதலைத் தொடுவதில்லை, வட்டியை மட்டும் எடுத்து இனத்தின் நலனுக்குச் செலவிடுவது என்று தீர்மானித்தார்கள்!

வங்கியின் வாசலை அதிகம் மிதிக்காத மக்கள். பட்டணத்தில் பட்டம் வாங்கிய நம்மில் எத்தனை பேருக்கு இந்தத் தெளிவு இருக்கிறது? போனஸ் வந்த மறுநாள் புது போன் வாங்குகிறவன்தானே நீ?

இதோடு கதை முடிந்து எல்லோரும் வளமாக வாழ்ந்தார்கள் என்று சொன்னால் நான் பொய்யன். வனத்துறை அந்தச் செடியைப் பறிப்பதற்கும் பயிரிடுவதற்கும் தடை போட்டது. செடி வராமல் மருந்துத் தயாரிப்பு தடுமாறியது. உரிமைத்தொகை வற்றியது. உலகமே பாராட்டிய திட்டம் சோர்ந்து போனது.

வருமானம் நிற்கும்! இதையும் சேர்த்தே கற்றுக்கொள். எந்த வருமானமும் ஒருநாள் நிற்கும். அன்று கையில் மிஞ்சுவது, வந்த நாளில் தொடாமல் வைத்த முதல் மட்டும்தான்.

நம்பிக்கை வரவில்லையா? அதே விதுராவிலிருந்து போனக்காட்டுக்கு ஒரு நடை போய் வா. வெள்ளைக்காரன் காலத்துத் தேயிலைத் தோட்டம். ஆலை துருப்பிடித்துக் கிடக்கிறது. தொழிலாளர் லயங்களின் கூரை ஒழுகுகிறது. ஆயுள் முழுக்கக் கொளுந்து கிள்ளியவர்கள் நிலுவைக் கூலிக்கும் பணிக்கொடைக்கும் ஆண்டுக் கணக்கில் காத்துக் கிடந்தார்கள்.

"கம்பெனி தரும், கடைசியில் மொத்தமாக வரும், அதில் பிள்ளையைப் படிக்க வைப்பேன்" என்று நீயும் சொல்லிக்கொண்டிருக்கிறாய் அல்லவா?

மொத்தமாக வருவதை நம்பாதே! சிறுகச் சேர்ப்பதை நம்பு!

இனி ஒரு கணக்கு. ஓடாதே, உட்கார். பேனாவை எடு.

மாதம் 1,000 ரூபாய். ஆண்டுக்கு 8 சதவீதம் கூட்டுவட்டி என்று வைத்துக்கொள். பிள்ளை பிறந்த மாதமே தொடங்கினால் 18 வயதில் கையில் சுமார் 4 லட்சத்து 80 ஆயிரம். நீ போட்டது 2 லட்சத்து 16 ஆயிரம்தான்.

அதே 1,000 ரூபாயைப் பிள்ளைக்கு 9 வயதானபோது தொடங்கினால்?

பாதிக் காலம், பாதிப் பணம் என்றுதானே நினைக்கிறாய்? இல்லை! கிடைப்பது சுமார் 1 லட்சத்து 57 ஆயிரம். மூன்றில் ஒரு பங்கு!

பிறந்த மாதமே தொடங்கியவன் பெற்றதை நீயும் பெற வேண்டுமானால் மாதம் 3,000 ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டும். "அப்புறம் பார்க்கலாம்" என்ற ஒரே சொல்லுக்கு மாதா மாதம் நீ கட்டும் அபராதம் அது!

யாராவது உன் சட்டைப் பையில் கைவிட்டு மாதம் 2,000 ரூபாய் எடுத்தால் சும்மா இருப்பாயா? எடுத்தவன் நீயே என்பதால் வாய் மூடி இருக்கிறாய்!

"எனக்கு வட்டிக் கணக்கெல்லாம் புரியாது சார்." வந்துவிட்டதா அடுத்த சாக்கு?

கல்லாற்றுக் காட்டைச் சேர்ந்த லட்சுமிக்குட்டி அம்மாவைத் தெரியுமா? காணி இனத்துப் பெண். பள்ளிப் படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. நூற்றுக்கணக்கான மூலிகை மருந்துகளை மனசிலேயே வைத்திருப்பவர். விஷக்கடிக்கு மருந்து தேடிக் காட்டுக்குள் அவருடைய குடிசைக்கு ஆட்கள் நடந்து போனார்கள். 2018-இல் நாடு அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது.

அத்தனை செடியையும் ஒரே நாளிலா கற்றார்? சின்ன வயதிலேயே அம்மாவிடம் ஒவ்வொன்றாகக் கற்றார்!

அவருக்கு எத்தனையோ இலை, வேர், பட்டை. உனக்கு ஒரே ஒரு பாஸ்புக். அதில் தேதி, வரவு, பற்று, இருப்பு. இந்த நான்கு பத்தியைப் படிக்க முடியாதா உன்னால்? போனில் கிரிக்கெட் வீரனின் சராசரியைத் தசமப் புள்ளியோடு சொல்கிறாயே!

முடியும்! உன்னால் முடியும்! உட்காரத்தான் மாட்டேன் என்கிறாய்.

சரி, உட்கார்ந்துவிட்டாய். கேள்.

பெண் குழந்தையா? பத்து வயது முடியவில்லையா? செல்வமகள் சேமிப்புத் திட்டம் 2015 ஜனவரியில் வந்தது. அஞ்சலகத்திலும் வங்கிகளிலும் தொடங்கலாம். ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாய், அதிகம் ஒன்றரை லட்சம். 2024 ஜனவரியில் வட்டி 8.2 சதவீதம் ஆனது. அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை விகிதத்தைப் பரிசீலிக்கும், கூடலாம், குறையலாம்.

15 ஆண்டுகள் கட்டினால் போதும். கணக்குத் தொடங்கி 21 ஆண்டில் முதிர்வு. கடைசி ஆறு ஆண்டு நீ ஒரு பைசா போட வேண்டாம். வட்டி தானாக ஏறிக்கொண்டிருக்கும். மாதம் 1,000 கட்டினால் நீ போடுவது மொத்தம் 1 லட்சத்து 80 ஆயிரம். 8.2 சதவீதமே நீடித்தால் திரும்பி வருவது சுமார் ஐந்தரை லட்சம்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. 21 ஆண்டு என்பது கணக்குத் தொடங்கிய நாளிலிருந்து. மகளின் வயது அல்ல! பிறந்தவுடன் தொடங்கினால் அவளுக்கு 21 வயதில் பணம். ஒன்பது வயதில் தொடங்கினால் முப்பதில்! அதற்குள் அவளுடைய பிள்ளையே பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்கும்.

18 வயதானாலோ பத்தாம் வகுப்பு முடித்தாலோ மேற்படிப்புக்கு இருப்பில் பாதி வரை எடுக்கலாம். ஆனால் எடுப்பதற்கு அங்கே ஏதாவது இருக்க வேண்டுமே! அதற்குத்தான் இன்றே தொடங்கச் சொல்கிறேன்.

இன்னொரு சின்னச் சூட்சுமம். வட்டி, மாதத்தின் 5-ஆம் தேதி முடிவிலிருந்து மாதக் கடைசி வரை உள்ள மிகக் குறைந்த இருப்புக்குத்தான் கணக்காகும். 5-க்குள் கட்டினால் அந்த மாத வட்டி உனக்கு. 6-ஆம் தேதி கட்டினால் இல்லை. ஒரு நாள் சோம்பல், ஒரு மாத வட்டி!

ஆண் குழந்தையா? பொது வருங்கால வைப்பு நிதி இருக்கிறது. தமிழ்நாட்டு அஞ்சலகங்களில் பொன்மகன் என்ற பெயரில் அறிமுகமானது இதுதான். ஆண்டுக்கு 500 ரூபாய் போதும். 15 ஆண்டு. 2020 ஏப்ரலில் வட்டி 7.1 சதவீதமானது.

ஆனால் ஒன்று. ஆண்டுக்கு 250 ரூபாயிலேயே நின்றுவிட்டால் 21 ஆண்டில் சேருவது சுமார் 12,000. கல்லூரிப் பேருந்துக் கட்டணத்துக்கே காணாது. அந்த 250 என்பது கதவைத் திறக்கும் காசு. உள்ளே நடக்க வேண்டியது நீ!

சம்பளம் ஏறும்போதெல்லாம் சேமிப்பையும் ஏற்று. ஆயிரம் ரூபாய் கூடினால் இருநூறு பிள்ளைக்கு. என்ன, குறைந்தா போய்விடுவாய்?

தமிழ்நாட்டில் இருக்கிறாயா? ஒன்றோ இரண்டோ பெண் குழந்தைகளோடு குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்ட ஏழைக் குடும்பமா? 1992-இல் தொடங்கிய முதலமைச்சரின் பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டத்தில் குழந்தையின் பெயரில் அரசே பணம் போடுகிறது. ஒரே மகள் என்றால் 50,000. இரண்டு மகள்கள் என்றால் ஆளுக்கு 25,000. 18 வயதில் வட்டியோடு வரும். உனக்குத் தகுதி உண்டா என்று சமூக நல அலுவலகத்தில் ஒரு முறையாவது கேட்டாயா?

கேட்க வெட்கமா? வட்டிக்கடையில் கேட்கும்போது அந்த வெட்கம் எங்கே போனது?

இனி உன் பயத்துக்கு வருகிறேன்.

"போட்ட பணம் போய்விட்டால்?" நியாயமான பயம். அதை நான் கேலி செய்ய மாட்டேன். பெருந்துறை ஈமு கோழிப் பண்ணை மோசடியை மறக்க முடியுமா? 2012-இல் எத்தனை குடும்பம் கோழியையும் பணத்தையும் இழந்து நின்றது! ஆருத்ரா நிறுவன விவகாரத்தில் மாதம் 25 முதல் 30 சதவீதம் வட்டி என்ற பேச்சை நம்பிச் சுமார் ஒரு லட்சம் பேர் கொட்டிய பணம் 2,438 கோடி ரூபாய் என்றது பொருளாதாரக் குற்றப்பிரிவு.

மாதம் 30 சதவீதம்! எந்தத் தொழிலில் அது விளையும்? கஞ்சா விற்றாலும் கட்டுப்படியாகுமா? கேட்டாயா?

பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படவில்லை. பயப்பட வேண்டாத அஞ்சலகக் கவுண்டருக்கு முன்னால் நின்று நடுங்குகிறாய்!

கேட்கக் கற்றுக்கொள். இது அரசுச் சேமிப்பா? வங்கியா? வங்கி என்றால் ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்பீடு உண்டு. தொடக்கக் கூட்டுறவு சங்கங்களுக்கு அந்தக் காப்பீடு கிடையாது. பலகையில் 'பேங்க்' என்று எழுதியிருந்தாலும் கிடையாது. தெரிந்தவர், சாதிக்காரர், கோயில் கமிட்டித் தலைவர் என்பதெல்லாம் பாதுகாப்பு அல்ல!

சீட்டா? பதிவு செய்த சீட்டா என்று பார். கேரள அரசே 1969 முதல் கேஎஸ்எஃப்இ என்ற பெயரில் சீட்டு நடத்துகிறது. தெருமுனையில் நோட்டுப் புத்தகத்தில் நடப்பதும் சீட்டுதான். இரண்டும் ஒன்றா?

பங்குச் சந்தை? மியூச்சுவல் ஃபண்ட்? அங்கே உத்தரவாதம் இல்லை. ஒளிக்காமல் சொல்கிறேன். 2008 ஜனவரியில் 21,000-ஐத் தாண்டிய சென்செக்ஸ், அதே ஆண்டு அக்டோபரில் 8,000-க்கும் கீழே போனது. அந்த ஆண்டு கல்லூரிக் கட்டணம் கட்ட அந்தப் பணத்தை நம்பியிருந்தவன் அழுதான். தொட்டிலில் பிள்ளையை வைத்திருந்தவன் அசையாமல் இருந்தான். 2010 நவம்பரில் அதே 21,000 திரும்பி வந்தது.

பிள்ளைக்கு மூன்று வயதென்றால் மாதம் 500 அங்கே போகலாம். காலம் உன் பக்கம். பிள்ளை பிளஸ் ஒன் என்றால் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதே! ஆர்.டி. போடு, வைப்பு நிதி போடு, பேசாமல் இரு.

தங்கம்? அதையும் கொஞ்சம் பேசிவிடுவோம், நம் வீடுகளில் அதுதானே முதல் பேச்சு. வாங்கு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நகையாக வாங்கும்போது செய்கூலி, சேதாரம், ஜிஎஸ்டி என்று கடைக்காரரிடம் விட்டு வரும் பணம் திரும்பி வராது. அதோடு, பீரோவில் இருக்கும் நகை அடகுக்குப் போக எத்தனை நேரம் ஆகும்? ஒரு மச்சினன் கல்யாணம் போதும்! பெண் பிறந்தால் பவுன், ஆண் பிறந்தால் படிப்பு என்று பிரிக்கும் புத்தியை முதலில் உடைத்து எறி. அவளும் படிக்கட்டும்!

ஆயுள் காப்பீட்டு முகவர் வந்து 'குழந்தைப் பாலிசி' என்று பட்டுத்தாளில் நீட்டுவார். காப்பீடு வேறு, சேமிப்பு வேறு. இரண்டையும் ஒரே பானையில் போட்டு வேக வைக்காதே என்பது என் கட்சி.

ஆனால் காப்பீடே வேண்டாம் என்று நினைக்காதே. சேமிக்கும் கை விழுந்துவிட்டால்? கேட்கப் பிடிக்காத கேள்விதான். கேட்டுத்தான் ஆக வேண்டும்!

பிரதம மந்திரி ஜீவன் ஜோதி, ஆண்டுக்கு 436 ரூபாய். 18 முதல் 50 வயதுக்குள் சேரலாம். எந்தக் காரணத்தால் இறந்தாலும் குடும்பத்துக்கு 2 லட்சம். சுரக்ஷா பீமா, ஆண்டுக்கு 20 ரூபாய். விபத்தில் இறந்தால் 2 லட்சம். இரண்டும் சேர்த்து 456 ரூபாய். உன் வங்கிக் கணக்கிலிருந்து தானே போகும், ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டால்.

போட்டாயா? இல்லை. ஏன்? "அதெல்லாம் அபசகுனம்." அடப்பாவி! பிள்ளையை நடுத்தெருவில் விடுவது சுபசகுனமா?

"நானும் தொடங்கினேன், நடுவில் நின்றுபோனது. எனக்கு இது ராசியில்லை" என்கிறாயா?

விழுந்தாய். அதனால் என்ன?

செல்வமகள் கணக்கில் ஓர் ஆண்டு கட்டத் தவறினால் கணக்கு செத்துவிடாது. தவறிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 250 ரூபாயும் அபராதம் 50 ரூபாயும் கட்டினால் எழுந்து உட்காரும். நான்கு ஆண்டு நின்றுபோயிருந்தாலும் 1,200 ரூபாயில் எல்லாம் நேராகும்!

ஐம்பது ரூபாய். அவ்வளவுதான் உன் ஓர் ஆண்டுத் தோல்வியின் விலை! இதற்கா இத்தனை நாள் பீரோவைத் திறக்காமல் இருந்தாய்? இதற்கா அந்தப் பாஸ்புக்கைப் புடவைக்கு அடியில் ஒளித்து வைத்தாய்?

எடு வெளியே!

கேரளத்தில் குடும்பஸ்ரீப் பெண்களைப் பார். 1998-இல் மலப்புறத்தில் தொடங்கிய இயக்கம். பக்கத்து வீட்டுப் பெண்கள் பத்து இருபது பேர் ஓர் அயல்கூட்டமாகச் சேர்ந்து, வாரா வாரம் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, தங்கள் சின்னத் தொகையை எடுத்து வைப்பார்கள். கூலி வேலைக்குப் போகிறவர், மீன் விற்கிறவர், வீட்டு வேலை செய்கிறவர். அவர்களுக்குக் காசு மிஞ்சியதா? மிஞ்சவில்லை. மிச்சப்படுத்தினார்கள்!

வாரம் தவறினால் பக்கத்து வீட்டுக்காரி கேட்பாள். அந்தக் கேள்விதான் அவர்களைத் தூக்கி நிறுத்தியது. உன்னைக் கேட்க யார் இருக்கிறார்கள்? யாரும் இல்லையென்றால் மனைவியிடம் சொல். கணவனிடம் சொல். "5-ஆம் தேதி ஆச்சு, கட்டியாச்சா?" என்று கேட்கும் உரிமையைக் கொடு.

ஏன், பிள்ளைக்கே கொடேன்!

பத்து வயதானால் பிள்ளையே தன் பெயரில் வங்கிக் கணக்கு வைத்து இயக்க ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. கூட்டிக்கொண்டு போ. அந்த உயரமான மேசைக்கு மேலே தாடை மட்டும் தெரிய நிற்கட்டும். சீட்டை அதன் கையாலேயே எழுதட்டும். எழுத்தில் தொகை எழுதத் தடுமாறட்டும். அச்சு இயந்திரத்தில் பாஸ்புக் கரகரவென்று போய் வரும்போது அந்த முகத்தைப் பார்!

தாத்தா கொடுத்த விஷுக் கைநீட்டம், மாமா கொடுத்த பொங்கல் காசு எல்லாம் அங்கே போகட்டும். "அம்மா வைத்திருக்கிறேன்" என்று வாங்கி மளிகைக் கடையில் கொடுக்காதே. அது திருட்டு!

"என் அப்பா எனக்கு என்ன சேர்த்தார்? நான் வளரவில்லையா?" என்று கேட்பவனே, நில். வளர்ந்தாய். எப்படி வளர்ந்தாய்? கட்டணம் கட்டாத பிள்ளைகளின் பெயரை வகுப்பில் வாசித்தபோது எழுந்து நின்றாயே, மறந்துவிட்டதா? உன் பிள்ளையையும் எழுந்து நிற்க வைக்கப் போகிறாயா?

"பிள்ளைக்கு இப்போதே பதினான்கு வயது, இனி என்ன?" என்கிறாயா?

நான்கு ஆண்டு இருக்கிறது! நாற்பத்தெட்டு மாதம்! மாதம் 2,000 போட்டாலும் வட்டியைத் தவிர்த்தே 96,000 ரூபாய். முதல் ஆண்டுக் கட்டணத்தை நிமிர்ந்து நின்று கட்டுவாய். மற்ற ஆண்டுகளுக்குக் கல்விக் கடன் வாங்கினாலும் கடன் சிறியதாக இருக்கும். ஒன்றுமே இல்லாமல் நிற்பதும் இதுவும் ஒன்றா?

எழு!

குழந்தையின் பிறப்புச் சான்றிதழை எடு. கிழிந்திருந்தால் நகல் எடு. உன் ஆதார், பான் அட்டை, புகைப்படம் இரண்டு. ஐந்நூறு ரூபாய் நோட்டு ஒன்று.

நாளை அஞ்சலகம் திறந்ததும் முதல் ஆளாக நில். "படிவம் தீர்ந்துவிட்டது" என்று சொல்வார்கள், விடாதே. "அந்த சார் லீவு" என்று சொல்வார்கள். அடுத்த சார் யார் என்று கேள். நியமனதாரர் பெயரைக் காலியாக விட்டு வராதே. பின்னால் குடும்பம் அலையும். பாஸ்புக் கைக்கு வந்ததும் பெயரிலும் பிறந்த தேதியிலும் பிழை இருக்கிறதா என்று அங்கேயே, கவுண்டரை விட்டு நகராமல் பார்.

அடுத்த மாதம் 5-ஆம் தேதியைச் சமையலறைக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டமிடு.

அஞ்சலகம் காலையில் திறந்துவிடும். நீ வீட்டிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்புகிறாய்?